ஆறிவிடும் காயத்துக்கு யார் கூலி தருவது?



ஒரே சாரத்தில் இரண்டு பேர் நின்று வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அந்தத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன், மாதச் சம்பளம் 18,000 ரூபாய். இன்னொருவர் பெயிண்டர். சதுர அடிக்கு இவ்வளவு என்று தாமே பேசி, பிரஷ்ஷும் ரோலரும் தாமே கொண்டுவந்து அடிப்பவர். சாரம் சரிகிறது. இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறது. ஒரே எக்ஸ்ரே அறை, ஒரே மாவுக்கட்டு, எழுந்து நடக்க ஏறத்தாழ ஒரே காலம்.

எலக்ட்ரீஷியனுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது உண்டு. வைத்தியம் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், அவர் வேலைக்குத் திரும்பும் நிலை வரும்வரை தினக்கூலியில் சுமார் 90 விழுக்காடு வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். கால் பழையபடி ஆகாமல் ஏதாவது குறை தங்கிவிட்டால், அந்தக் குறையின் அளவுக்கு ஏற்ப ஆயுளுக்கும் ஒரு தொகை வரும்.

பெயிண்டருக்கு? அவருடைய முதலாளி அவரே. நஷ்டஈடு கேட்பதென்றால் தம்மிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று நான் பேச வந்திருப்பது இந்த இரண்டாவது மனிதரைப் பற்றி. தையல்காரர், தச்சர், சொந்த ஆட்டோ ஓட்டுபவர், தள்ளுவண்டியில் காய் விற்பவர், பனையேறி, இஸ்திரி போடுபவர், வீடு வீடாகப் போய்க் குழாய் பழுதுபார்ப்பவர் எல்லாம் அவர்தான். இவர்கள் அடிபட்டால் அரசும் சமூகமும் என்ன தருகின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதுதான் பேச்சு. அந்த இடம் ஆஸ்பத்திரி அல்ல, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் வரும் நான்கு மாதங்கள்தான் என்பது என் துணிபு.

ஆஸ்பத்திரி விஷயத்தில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அது 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவைத் தாங்குகிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர் யார், எந்த ஊர், கையில் காசு உண்டா என்று கேட்காமல் முதல் 48 மணி நேரம் வைத்தியம் பார்க்கச் சொல்கிறது. ஆட்சிகள் மாறியும் இந்தத் தொடர்ச்சி அறுபடவில்லை. இந்தியாவில் எல்லா மாநிலத்துக்கும் வாய்த்த ஒன்றல்ல இது.

ஆனால் கம்பியும் பிளேட்டும் வைத்து அனுப்பிவிட்ட பிறகு? படுத்திருப்பவருக்கு ஒரு துணை வேண்டும். பெரும்பாலும் மனைவி. அவரும் வேலைக்குப் போகிறவர்தான். ஒரு கால் முறிந்தால் இரண்டு கூலி நின்றுவிடுகிறது. வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும் குழுக்கடன் தவணை நிற்பதில்லை. அந்தக் கடனோடு சேர்த்துக் காப்பீட்டுக்கும் பிடித்திருப்பார்கள், உண்மை. ஆனால் அது கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியைத் தீர்க்கும் காப்பீடு. உயிரோடு கட்டிலில் கிடப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. எனவே முதல் மாதம் நகை அடகுக்குப் போகும். இரண்டாம் மாதம் மெஷினோ வண்டியோ போகும். தொழில் கருவியை விற்றுச் சாப்பிட்டவர், கால் தேறினாலும் தொழிலுக்குத் திரும்ப மாட்டார். இன்னொருவரிடம் கூலிக்குத்தான் போவார்.

எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர்கள் போடும் புத்தூர்க் கட்டுக்கு ஏன் இன்னும் இவ்வளவு கூட்டம் என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை நான் ஒப்புவதில்லை. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த முறிவை அங்கே கொண்டுபோவது ஆபத்து, அதில் ஐயமில்லை. ஆனால் காலையில் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு மாலையில் வீடு திரும்பலாம், துணைக்கு ஆள் தங்க வேண்டாம், நாலு வீட்டில் வேலை செய்யும் மனைவிக்கு அந்த வேலை போகாது. இந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்துத்தான் பஸ் ஏறுகிறார்.

சரி, பணமாகத் தரும் திட்டங்கள் இல்லையா? இருக்கின்றன. அவை எதைக் காயம் என்று எண்ணுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் 2015இல் ஆண்டுக்கு 12 ரூபாய் பிரீமியத்தில் தொடங்கியது, 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு கண்ணோ, இரண்டு கையோ காலோ போனால் 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் மீளமுடியாதபடி போனால் 1 லட்சம். நம் பெயிண்டரின் கால் ஆறு மாதத்தில் கூடிவிடும். ஆகவே அவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. வண்டி இன்சூரன்ஸோடு கட்டும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும் இதே அச்சில் வார்த்ததுதான். உயிர், உறுப்பு, நிரந்தர முடக்கம். அதுவும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அன்றாட வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுபவரின் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது.

இனி நலவாரியங்கள். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு தொழில்வாரியாக வாரியங்கள் அமைத்தது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994இல் வந்தது. பிறகு தையல், சலவை, முடிதிருத்தம், ஆட்டோ ஓட்டுநர், பனைத் தொழில் என்று விரிந்தது. பிற மாநிலத்தார் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போகும் ஏற்பாடு. அதன் உதவித் தலைப்புகளை வாசியுங்கள்: விபத்து மரணம், விபத்தால் ஊனம், இயற்கை மரணம், ஈமச்சடங்கு, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக்கண்ணாடி, ஓய்வூதியம். பிறப்பிலிருந்து இறப்புவரை எல்லாம் வந்துவிட்டது. குணமாகக்கூடிய காயத்தால் இழந்த மூன்று மாத வருமானம் என்று ஒரு தலைப்பு மட்டும் வரவில்லை. ஊனத்துக்குக் கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகைகள் பலவற்றுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 விழுக்காடு குறைபாடு வேண்டும். கணுக்கால் மடங்காமல் போன தையல்காரருக்கு மருத்துவக் குழு 20 விழுக்காடு எழுதினால், சலுகையும் இல்லை, மெஷினை மிதிக்கவும் முடியாது.

இப்படி ஒரு ஓட்டை விழுந்தது யாருக்கும் தோன்றாததால் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் 1923இல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே தற்காலிக முடக்கத்துக்கு வழி இருந்தது. அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் கால் பங்கு. அதாவது பாதிச் சம்பளம், அதிகபட்சம் ஐந்து ஆண்டுவரை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. அதை இன்னும் உயர்த்தியது. ஆறுகிற காயத்துக்கும் கூலி வேண்டும் என்று சட்டம் நூறாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது. கொடுப்பதற்கு ஒரு முதலாளி வேண்டும் என்பதே நிபந்தனை. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும் அந்த நிபந்தனையின் வேர் அசையவில்லை. உணவு கொண்டுவரும் பையன்களுக்காகச் செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு கட்ட வேண்டும் என்று ஒரு கதவு திறந்திருக்கிறது. அங்கேயும் கைகாட்ட ஒரு நிறுவனம் இருப்பதால்தான் கதவு திறந்தது. பெயிண்டருக்குக் கைகாட்ட யாரும் இல்லை.

1972இல் அகமதாபாத்தில் இலா பட் 'சேவா' அமைப்பைச் சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது தொழிலாளர் துறை சொன்ன தடையும் இதுவே. முதலாளியே இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கம்? எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, ஒன்றுகூடுவதற்கும் சங்கம் வேண்டும் என்று வாதாடிப் பதிவு வாங்கினார்கள். பின்னால் அவர்களே காப்பீட்டுக் கூட்டுறவு தொடங்கி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாளுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகத் தரும் பாலிசியும் கொண்டுவந்தார்கள். பில்லைக் கட்டுவது வேறு, அன்றைய வருமானத்தை ஈடுகட்டுவது வேறு என்ற தெளிவு கூடைக்காரப் பெண்களிடம் இருந்தது.

தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துப் பனையேறி ஒருவரைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். மரங்களைப் பாட்டத்துக்கு எடுத்திருப்பார். கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, அடிமரத்தில் சாய்த்து ஏற முருக்குத்தடி. பாளையைக் காலையிலும் மாலையிலும் சீவிவிட வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறங்கும். இதில் ஓய்வு நாள் கிடையாது. சில நாள் சீவாமல் விட்டால் பாளையின் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், பதநீர் நின்றுவிடும். பங்குனி, சித்திரையில் விழுந்தவருக்கு நட்டம் அந்த மாதத்தோடு போகாது, அந்தப் பருவமே போய்விடும். கீழே அடுப்பில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது வீட்டுப் பெண். அவர் கீழே விழவில்லை, அவருக்கு ஒரு கீறலும் இல்லை, ஆனால் அவருடைய தொழிலும் அன்றோடு நின்றது. பாட்டமும் முன்பணமும் மட்டும் அப்படியே இருக்கும். வாரியப் படிவத்தில் இவ்வளவையும் எழுத ஒரே ஒரு கட்டம்: 'ஊனத்தின் விழுக்காடு'.

சாலையில் அடிபட்டவருக்கு மட்டும் இன்னொரு வழி திறந்திருக்கிறது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வக்கீலான என் பிழைப்பின் பெரும்பகுதி அங்கேதான். அங்கே சுயதொழில் செய்பவர் கூண்டில் ஏறியதும் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியை எங்கள் குமாஸ்தாக்கள்கூடத் தூக்கத்தில் சொல்வார்கள்: 'மாதம் இவ்வளவு சம்பாதித்ததற்கு ஆதாரம் உண்டா?' சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை. ஒரு தையல்காரர் தம் அளவு நோட்டைக் கொண்டுவந்தார். நீளவாக்கில் மடித்துப் பழகிய நோட்டு. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று பென்சிலில் எண்கள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் வெட்டிய துணியில் ஒரு துண்டு ஸ்டேப்ளரில் குத்தியிருந்தது. கொடுத்து முடித்ததற்குக் குறுக்குக் கோடு, பாக்கிக்கு வட்டம். விபத்து நடந்த வாரத்துக்குப் பிறகு எல்லாம் வட்டம். அதை ஆவணமாகக் குறியிடலாமா கூடாதா என்று வாதம் நடந்தது. குறியிட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது. உடலில் எத்தனை விழுக்காடு குறை என்பதும் சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போயிற்று என்பதும் ஒன்றல்ல என்று 2010இல் தெளிவாகச் சொன்னது. இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் அவர் பிழைப்பு முழுவதுமே போனது, அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை தொடரலாம் என்பது அந்தத் தீர்ப்பே காட்டிய உதாரணம். 2014இல் காலை இழந்த கர்நாடகக் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கு. மாதம் 10,000 சம்பாதித்தேன் என்றார், காகிதம் இல்லை. அப்படிப்பட்டவரிடம் காகிதம் எதிர்பார்ப்பதே சரியல்ல என்று சொல்லி நீதிமன்றம் 6,500 ரூபாயை வருமானமாக எடுத்துக்கொண்டது. உட்கார்ந்தபடி காய் விற்கலாமே என்ற எண்ணத்தையும் தள்ளியது. மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கெடுக்க வேண்டும், வண்டி தள்ள வேண்டும் என்று தொழிலை விளக்கி, திறன் இழப்பை 85 விழுக்காடு என்று வைத்தது. தொழிலைத் தெருவில் இறங்கிப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும் அந்தப் பகுதியைச் சட்ட மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

ஆனாலும் சமமாகிவிடவில்லை. எதிர்கால வருமான உயர்வு என்று ஒன்றைக் கணக்கில் சேர்ப்பார்கள். 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி சுயதொழில் செய்பவருக்கு அது அபூர்வம். 2017இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு விகிதம் வகுத்தது. 40 வயதுக்குக் கீழே நிரந்தர வேலைக்காரருக்கு 50 விழுக்காடு கூட்டலாம், சுயதொழிலுக்கு 40. நாற்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் 30க்கு எதிராக 25. இடைவெளி குறைந்தது, மறையவில்லை. இவ்வளவும் இன்னொருவர் வண்டி மோதி, அந்த வண்டியைக் கண்டுபிடித்து, வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தெம்பு உள்ளவருக்கு. பனையிலிருந்து விழுந்தவர் எந்தப் பனைமீது வழக்குப் போடுவார்?

இதே கேள்வியை நியூசிலாந்து வேறு விதமாகக் கேட்டது. நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தலைமையிலான குழு 1967இல் அறிக்கை கொடுத்தது. யார் தப்பு என்று தேடுவதை விடுங்கள், உழைப்பவர்களின் உழைப்பால் எல்லோரும் பயனடைகிறோம், அடிபட்டால் எல்லோரும் சேர்ந்து தாங்குவோம் என்பதே அதன் சாரம். 1972இல் சட்டம், 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. வேலையிடமோ வீடோ விளையாட்டுத் திடலோ, விபத்துக் காயம் என்றால் வைத்தியம் உண்டு, சம்பாதிப்பவருக்கு வருமானத்தில் 80 விழுக்காடு வாராவாரம் உண்டு. பதிலுக்கு, காயத்துக்காக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். என் போன்ற வக்கீல்களுக்கு அங்கே பிழைப்பில்லை. அது திட்டத்தின் குறையா நிறையா என்பதை உங்கள் தீர்ப்புக்கு விடுகிறேன்.

சுயதொழில் செய்பவரை அவர்கள் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். அவரும் தொழிலின் ஆபத்துக்கு ஏற்பச் சந்தா கட்டுகிறார். அடிபட்டால் வரிக் கணக்கில் காட்டிய வருமானத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். வருமானம் ஏறி இறங்கும் தொழில் என்றால், இவ்வளவுக்குக் காப்பு வேண்டும் என்று முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அடிபட்ட பிறகு ஆதாரம் தேடி அலைவது அதோடு தீர்ந்தது. முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது, அதன் பிறகுதான். சின்னச் சுளுக்குக்கெல்லாம் மனுப் போடுவதை அந்த ஒரு வாரம் தடுத்துவிடுகிறது.

அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 50 லட்சம், அவர்கள் எல்லோரும் வரிக் கணக்கு எழுதுபவர்கள் என்பீர்கள். உண்மைதான், அப்படியே பெயர்த்துக் கொண்டுவர நானும் சொல்லவில்லை. ஆனால் முன்கூட்டியே தொகையை நிர்ணயிப்பது என்ற அந்த ஒரு யோசனைக்கு வரிக் கணக்கு தேவையில்லை. நம் நலவாரியங்களில் பதிவு இருக்கிறது, உறுப்பினர் எண் இருக்கிறது. நாளொன்றுக்கு 350 ரூபாய், முதல் வாரம் நீக்கி அதிகபட்சம் 90 நாள் என்று வையுங்கள். ஒருவருக்கு அதிகம் போனால் 31,500 ரூபாய். காலை இழந்தவருக்கு லட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் நாம், காலோடு தொழிலுக்குத் திரும்பப் போகிறவரின் தையல் மெஷினை அடகுக் கடைக்குப் போகாமல் காப்பாற்ற இவ்வளவு கொடுக்கலாம். கொஞ்சம் சந்தா வாங்குவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. முழுக்க இலவசமாகக் கொடுப்பது அடுத்த பட்ஜெட்டில் வெட்டுப்படும், காசு கட்டியவர் வந்து கேட்பார்.

பொய் சொல்லி வாங்கிவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். இ.எஸ்.ஐ. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவச் சான்றை நம்பித்தான் பணம் கொடுத்து வருகிறது. சம்பளக்காரன் நேர்மையானவன், சுயதொழில்காரன் ஏமாற்றுக்காரன் என்பதற்கு நான் இதுவரை ஒரு சாட்சியத்தையும் பார்த்ததில்லை. தவிர, எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். முதுகுவலி, நரம்புப் பிடிப்பு போன்றவற்றில் தகராறு வரும், அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். தகராறு இல்லாத முறிவுகளிலிருந்தாவது தொடங்கலாம்.

இன்னொன்றும் கைவசம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அடக்கம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்கும் முதியவர்களுக்குத்தான் அது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிளேட் வைத்த முழங்கையை நீட்டி மடக்கப் பழக்காமல் விட்டதால் இறுகிப்போன தச்சர்களையும் கொத்தனார்களையும் நான் தீர்ப்பாயத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அறுவை சிகிச்சையில் பிழை இருக்காது, அதற்குப் பிந்தைய ஆறு வாரத்தில்தான் கை போயிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஊர்ச் செவிலியரின் எண்ணையும் எழுதிக் கொடுப்பது பெரிய செலவு பிடிக்கும் சீர்திருத்தம் அல்ல.

சட்டம் மாறும்வரை, சட்ட உதவி முகாம்களுக்குப் போகும் மாணவர்கள் சுயதொழில் செய்பவர்களிடம் சில விஷயங்களைச் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்பதைச் சரியாக எழுதவைத்து நகல் வாங்க வேண்டும். 'தடுக்கி விழுந்தார்' என்று அவசரத்தில் எழுதிய ஒரு வரி பின்னால் வழக்கையே சாய்த்துவிடும். சாலை விபத்து என்றால் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. அந்த ஆறு மாதமும் அவர் படுக்கையில் இருப்பார் என்பதால் வீட்டாரிடம் சொல்லுங்கள். வருமானத்துக்குக் காகிதம் இல்லை என்ற பழைய பாட்டுக்கு இப்போது பாதி விடை வந்துவிட்டது. கீரைக்கார அம்மாவின் கூடையில்கூட கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. அந்த வங்கிக் கணக்கின் ஓராண்டு வரவைத் தீர்ப்பாயத்தில் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி பலமிழந்துபோகும். அளவு நோட்டையும் தூக்கிப்போட வேண்டாம்.

நலவாரிய அட்டை காலாவதி ஆகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விபத்து நடந்த பிறகு புதுப்பித்துப் பயனில்லை. பிரதமர் திட்டத்தின் 20 ரூபாய் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகக் கழியும். கணக்கில் பணம் இல்லாமல் கழியாமல் போனால் ஜூன் முதல் தேதியிலிருந்து அந்தக் காப்பும் கிடையாது. முறிவுக்கு உதவாத திட்டம்தான், இருந்தாலும் அந்த இருபது ரூபாயை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.